முஜீப் பாயின் மூன்றாவது ஈ

காந்தி ரோட்டில் இருக்கும் ராஜவேலுவின் பட்டுக்கடைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், அவர்கள் எந்தப் புடவையை வாங்கப்போகிறார்கள் என்பதை முஜீப் முடிவு செய்துவிடுவார். இதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. கல்யாணப் பெண் யார் பின்னால் நடந்து வருகிறாள், அவளுடைய அம்மா எதற்கெல்லாம் யார் முகத்தைப் பார்க்கிறாள், பணப்பை யார் அக்குளில் இருக்கிறது என்று மூன்று பக்கம் கண்ணை ஓட்டுவார். பிறகு வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுக்கிலிருந்து அந்தப் புடவையை உருவித் தன் முழங்காலுக்கு அடியில் செருகிக்கொள்வார். வியாபாரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும்.

முதலில் ஒரு புடவையை விசிறிப் போடுவார். குற்றம் சொல்ல முடியாத புடவைதான், ஆனால் அந்தப் பெண்ணின் நிறத்துக்கு அரைக்கால் வாசி பொருந்தாது. முஜீப் வாயே திறக்க மாட்டார். அடுத்து இரண்டாவதைப் போட்டு, "இதுவும் பரவால்லமா" என்று பாதிக் குரலில் சொல்வார். அந்தப் பாதிக் குரலிலேயே அந்தப் புடவையின் கதை முடிந்துவிடும். எல்லோருக்கும் சலிப்புத் தட்டுகிற நேரம் பார்த்துக் காலை லேசாக அசைப்பார். முழங்காலுக்கு அடியிலிருந்து ஒரு முந்தானை ஓரம் எட்டிப் பார்க்கும்.

"அது என்ன பாய், அங்க?"

"அது உங்களுக்கு வேணாம்மா. வேற பார்ட்டிக்கு எடுத்து வெச்சது."

அவ்வளவுதான். அதை வாங்காமல் அந்தக் குடும்பம் எழுந்திருக்காது. கார் ஏறித் திண்டிவனம் போகிற வரைக்கும், நாமே கண்டுபிடித்து எடுத்தோம் என்று மார்தட்டிக்கொண்டு போவார்கள். யாராவது அவசரக் குடுக்கைகள் முதல் புடவையிலேயே கை வைத்துவிட்டால் மட்டும் முஜீப் பதறிப்போவார். மரியாதையாக, ஆனால் வெடுக்கென்று, அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடுவார். "மொதப் புடவையிலயே முடிச்சவங்க வூட்டுக்குப் போய் யோசிப்பாங்கபா. மறுநாளே மாத்த வந்து நிப்பாங்க" என்று கூட வேலை செய்யும் தனசேகரனுக்கு விளக்கம் சொல்வார். உலகத்தில் யாருக்கும் எதையும் தன்னால் விற்க முடியும், தனக்கு மட்டும் யாரும் எதையும் விற்க முடியாது என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத் தென்னேரி ஏரியின் மீன்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

இந்த வினையை ஆரம்பித்து வைத்தவர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடகிலிருந்து வந்த ஒரு காப்பித் தோட்டக்காரர். வீட்டுப் பெண்கள் மெத்தையில் மும்முரமாக இருந்தபோது பொழுது போகாமல், அரைகுறைத் தமிழில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினார். மண்புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, அதை நீளமாக வீசித் தண்ணீரில் இறக்க வேண்டும். அந்தப் பொய்ப்பூச்சிக்குப் பெயர் ஈ. ஒரு வாணலிக்குள் அடங்குகிற சின்ன மீன்களை இப்படிப் பிடிப்பதில் இருக்கிற சுகம் பெரிய மீனில் கூடக் கிடையாது என்றார் அவர். சின்ன மீனுக்கு வாய் சின்னது, ஆகவே ஈயும் சின்னதாக இருக்க வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தால் கறுப்பு, தெளிந்திருந்தால் வெளிர் நிறம். சாயங்காலத்தில் மிதக்கிற ஈ, உச்சி வெயிலில் முங்குகிற ஈ. அவர் சொன்னது இவ்வளவுதான். அவர் மனைவிக்கு மூன்றாவது புடவையில் மனம் குளிர்ந்துபோனதால், அடுத்த முறை வந்தபோது தன்னுடைய பழைய தூண்டில் கோல் ஒன்றையும் ஒரு டப்பா ஈயையும் முஜீபுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பட்டு எடுக்க ஆள் வராது. அன்றைக்குத்தான் முஜீபுக்கு விடுமுறை. முதல் செவ்வாயிலேயே அந்த டப்பாவில் பாதி, கரையோர வேலிக்காத்தான் மரத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்த செவ்வாய் மீதிப் பாதி. ஆடு மேய்க்கிறவர்கள் நின்று, இறகும் நூலுமாகத் தொங்கும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேறு ஆளாக இருந்தால் கோலைப் பரண்மேல் போட்டிருப்பார். முஜீப் சொந்தமாக ஈ கட்ட உட்கார்ந்தார். பட்டு நூலுக்கும் ஜரிகைத் துணுக்குக்கும் இந்த ஊரில் பஞ்சமா? கோழிக்கடையிலிருந்து இறகு வந்தது. முள்ளை ஆன்லைனில் வரவழைத்தார். செல்போனில் வெள்ளைக்காரர்கள் ஈ கட்டுவதைப் பார்த்து, அவர்களுக்கு நிறம் சேர்க்கத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் மூன்று வகை ஈக்கள் தேறின. முதலாவது, மனைவி நஸ்னீனின் தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கட்டியது. மிதக்கும். பார்க்கச் சகிக்காது. இரண்டாவது கறுப்புப் பட்டும் கோழி இறகும் வைத்துச் சுற்றியது. அதுவும் பரவாயில்லை ரகம்தான். மூன்றாவதுதான் சரக்கு. அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் கரை, வாலில் அசல் ஜரிகை. அதற்கு 'முகூர்த்தம்' என்று பெயரே வைத்தார். செம்பருத்தி மொட்டு அளவு இருந்தது. தென்னேரி மீன்களின் வாயில் ஒரு சுண்டுவிரல் நகம் நுழைவதே கஷ்டம் என்பதை அவர் யோசிக்கவில்லை. கல்யாணப் புடவையின் கனத்தைப் பற்றி இதுவரை எந்தப் பெண்ணாவது புகார் சொல்லியிருக்கிறாளா?

தனசேகரன் ஒரு செவ்வாய்க்கிழமை வேடிக்கை பார்க்கக் கூட வந்தான். முஜீப் மதகுக்குப் பக்கத்தில் நின்று செருப்பு ஈயை வீசினார். அது விழுந்த கையோடு தண்ணீர் சளக்கென்றது. ஒரு மீன் வாயைத் திறந்து கவ்வியதைத் தனசேகரன் கண்ணால் பார்த்தான். அதே வேகத்தில் முஜீப் ஈயை மீனின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"பாய், கடிச்சிச்சே. ஏன் இஸ்துக்கினீங்க?"

"மொதல்லயே முடிக்க வுடக் கூடாதுபா. இன்னும் நல்ல சரக்கு இருக்குது இல்ல."

பிறகு கறுப்பு ஈயைக் கொஞ்ச நேரம் காட்டினார். அதையும் ஒன்று வந்து முகர்ந்தது. மிகச் சரியான தருணம் என்று நினைத்தபோது முகூர்த்தத்தைக் கட்டி வீசினார். மீன்கள் வந்தன, சுற்றிப் பார்த்தன, அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும் குடும்பம் போலப் போய்விட்டன. தனசேகரன் மறுநாள் கடையில் எல்லோரிடமும், நாமெல்லாம் ஆள் வராத நேரத்தில்தான் ஈ ஓட்டுகிறோம், பாய் லீவு போட்டுக்கொண்டு போய் ஓட்டுகிறார் என்று சொல்லிச் சிரித்தான். அதற்கப்புறம் அவன் ஏரிப் பக்கம் வரவில்லை.

"மீன் எங்க?" என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நஸ்னீன் கேட்பாள்.

"பாத்துட்டுப் போயிருக்குது. வரும்" என்பார் முஜீப்.

மீன் வராததில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. மனதை அரித்துக்கொண்டிருந்தது மகள் மெஹதாபின் கல்யாணம். அவள் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே பெண். அதிகம் பேசாதவள். புடவை சரியில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், பில் இருந்தால் போதும். மாப்பிள்ளையை அப்படி மாற்ற முடியுமா? எத்தனையோ பெண்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் பெண்ணுக்கு எடுக்கக் கை வரவில்லை. தப்பாக எடுத்துவிடுவோமோ என்று உண்மையாகவே பயந்தார். பயந்ததால் தனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். முதல் இடத்தில் முடிக்கக் கூடாது.

முதல் இடம் ராணிப்பேட்டையிலிருந்து வந்தது. நஸ்னீனின் அக்கா சொல்லி வந்த இடம். பையன் தேநீர் ஆறுகிற வரைக்கும் தன் பைக்கைப் பற்றியே பேசினான். லிட்டருக்கு எவ்வளவு ஓடும், செயினுக்கு என்ன எண்ணெய், எந்த வளைவில் எவ்வளவு சாய்க்கலாம். எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் நஸ்னீன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவர்கள் போனதும் முஜீப் சந்தோஷமாக வேண்டாம் என்று சொன்னார்.

இரண்டாவது ஆம்பூர். தோல் கம்பெனியில் நல்ல வேலை. பிஸ்கட் எடுப்பதற்கு முன்னால் கூடப் பையன் அவன் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டான். "இவங்களும் பரவால்லதாங்க" என்றாள் நஸ்னீன், பாதிக் குரலில். முஜீபுக்கு அதிலேயே மனம் விட்டுப்போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவர் கடையிலிருந்து வந்தபோது, நஸ்னீன் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று அதைக் குப்புறக் கவிழ்த்தாள். ஓரத்தில் ஒரு போட்டோவின் சட்டைக் காலர் மட்டும் அவர் கண்ணில் பட்டது.

"யார் அது?"

"அது நமக்கு வேணாங்க. வாலாஜாபாத் பையன். வேற எடத்துல பேசிக்கினு இருக்காங்களாம்."

"காட்டு இப்படி."

"முடியற மாதிரி இருக்குதாங்க. நமக்கு எதுக்கு?"

முஜீப் போனைப் பிடுங்கிப் பார்த்தார். பெயர் கலீமுல்லா. இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். சாதாரண முகம், சாதாரண சட்டை. தனியாக வந்திருந்தால் இரண்டாவது தடவை பார்த்திருக்க மாட்டார். இப்போது அவருக்கு அந்த முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. யாரோ முகம் தெரியாத பார்ட்டி அதைக் கொத்திக்கொண்டு போகப்போகிறது என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. மறுநாளே அரை நாள் லீவு சொல்லிவிட்டு வாலாஜாபாத்துக்குப் பறந்தார். பையனுடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அந்த மனிதர் ரொம்ப யோசிக்கிற மாதிரி யோசித்துவிட்டுச் சரியென்றார். கடைக்கு வந்து, "கடைசி நிமிஷத்துல புடிச்சேன்பா, நானே கண்டுபிடிச்ச மாப்பிள்ள" என்று முஜீப் ராஜவேலுவிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் சொன்னார். மெஹதாப் அன்றைக்கு அவருக்குத் தானே தேநீர் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை ஒரு ஸ்பூன் அதிகமாக இருந்தது.

நிக்காஹ்வுக்குத் தேதி குறித்த அடுத்த செவ்வாய்க்கிழமை, வருங்கால மாப்பிள்ளையை அவர் தென்னேரிக்கு அழைத்துக்கொண்டு போனார். சாயங்கால வெயில் தண்ணீர்மேல் படுத்திருந்தது. கரையில் துண்டை விரித்து மூன்று ஈக்களையும் வைத்தார். மருமகனுக்கு எதையாவது கற்றுக்கொடுக்காத மாமனார் என்ன மாமனார்?

"இது மொதல்ல. பாத்தாலே புடிக்காது, சும்மா காட்டறது. இது ரெண்டாவது. மீனுக்கு அலுத்துப் போவணும், அதுக்கோசரம். அப்புறம்தான் இது" என்று முகூர்த்தத்தைத் தொட்டார். "இத மட்டும் மொதல்லயே காட்டக் கூடாது. ஒளிச்சு வெச்சு..."

"வேற பார்ட்டிக்கு எடுத்து வெச்சதுன்னு சொல்லணும்" என்றான் கலீமுல்லா, ஈயைப் பார்த்தபடியே. "அப்பதான் அவங்களே கேட்டு வாங்குவாங்க. நாம குடுத்தோம்னே தெரியாது."

முஜீப் செருப்பு ஈயைத் தண்ணீரில் வீசிவிட்டுத் திரும்பினார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

கலீமுல்லாவின் காதுகள் சிவந்தன. பொய் சொல்லிப் பழகாதவன் என்பது அந்தக் காதுகளிலேயே தெரிந்தது.

"மெஹதாப் சொல்லிச்சு மாமா."

"எப்ப? பொண்ணு பாக்க வந்தப்பவா? எல்லாரும் இருந்தோமே."

"இல்ல மாமா. அதுக்கு முன்னாடி. அவங்க காலேஜ் லேப்ல பேட்டரி மாத்த நான்தான் போவேன்." துண்டின் ஓரத்தைச் சரிசெய்தபடி, "மூணு வருஷமா" என்றான்.

மூன்று வருஷமாகவா ஒரு லேபில் பேட்டரி மாற்றுவார்கள்? முஜீப் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். நஸ்னீனின் வாயடைத்த மௌனம், பாதிக் குரல், குப்புறக் கவிழ்ந்த செல்போன் எல்லாம் ஒவ்வொன்றாக அவர்முன் வந்து விரிந்தன. எல்லாமே அவருடைய சரக்கு. அவர் வீட்டிலேயே, அவருடைய வசனத்தைப் பேசி, அவருக்கே விற்றிருக்கிறார்கள்.

"அந்த ராணிப்பேட்ட பையன்?"

"என் ஃபிரண்டு மாமா. அவங்க நெஜமாவே பொண்ணு தேடிக்கினுதான் இருந்தாங்க. பைக்கப் பத்தியே பேசுடான்னு மட்டும் நான் சொன்னேன்." அவன் அரையடி பின்னால் நகர்ந்துகொண்டான். "பைக்கு கூட என்னுதுதான்."

"ஆம்பூர்க்காரன்?"

"அவரு யாருன்னு எனக்குத் தெரியாது மாமா. அவரு தானா வந்தாரு."

முஜீபுக்குக் கோபம் தலைக்கேறியது. பெண் ஒருவனை விரும்பியதுகூட அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. நேராக வந்து அப்பா, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். முதல் இடம் என்று பிடுங்கி எறிந்திருப்போம் என்ற பதில் உள்ளேயிருந்து உடனே வந்தது. அந்தப் பதில் வலித்தது.

அப்போதுதான் கோல் ஆடியது. யாரும் கவனிக்காமல் தண்ணீரில் கிடந்த செருப்பு ஈயை, பிடுங்க ஆளில்லாததால், ஒரு மீன் நிதானமாக முழுங்கியிருந்தது. கலீமுல்லா ஓடிப்போய் நூலை இழுத்தான். கை அகலப் பனையேறி மீன். முள்ளைக் கழற்றிக் கரையில் போட்டான். தூண்டில் பிடித்த நாளிலிருந்து முஜீபுக்குக் கிடைத்த முதல் மீன் அது. ஆனால் அவர் மீனைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனையேறிக்குத் தரையில் நடக்கத் தெரியும். அது செவுளை ஊன்றி ஊன்றிச் சரிவில் இறங்கி, இரண்டு பேருக்கும் நடுவில் போய், தண்ணீருக்குள் நுழைந்துவிட்டது.

"மீன் எங்க?" என்று வீட்டில் நஸ்னீன் கேட்டாள்.

"கெடச்சுது. நடந்து போயிடுச்சு."

"சரிங்க" என்றாள் அவள், பழைய பதில்களை நம்பிய அதே அளவுக்கு நம்பி.

முஜீப் அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது முடிவு செய்துவிட்டார். கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டும். யாருக்குச் சொன்னாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பார்கள். ஏமாந்து வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையிலும் உரிமை உண்டு.

ஆனால் அன்றைக்குத்தான் நிக்காஹ் புடவை எடுக்கிற நாள். நீங்கள் இருக்கும்போது நாங்கள் யார் எடுக்க என்று மாப்பிள்ளை வீட்டில் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். பதினோரு மணி வாக்கில் நஸ்னீனும் மெஹதாபும் படியேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். தனசேகரன் தலையணை, காப்பி என்று தடபுடல் செய்தான். ராஜவேலுவே கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றார். எல்லோரும் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று முஜீப் பல்லைக் கடித்துக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தார்.

கை பழக்கத்தில் ஒரு புடவையை விசிறிப் போட்டது. பச்சை. மெஹதாப் அதைத் தொடவில்லை. அடுத்ததைப் போட்டார். வாடாமல்லி நிறம்.

"இதுவும் பரவால்லமா" என்று பாதிக் குரலில் வாய் தானாகச் சொல்லிற்று.

மெஹதாப் அதையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவே கலீமுல்லா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. அழுதிருந்தாள். இனி அவள் கையில் வேறு தந்திரம் எதுவும் இல்லை, அப்பா என்ன சொல்லப்போகிறார் என்பது மட்டும்தான் மிச்சம் என்பதும் தெரிந்தது.

"அப்பா" என்றாள் மெதுவாக. "முட்டிக்கு அடியில இருக்கறத எடுங்கப்பா."

முஜீப் குனிந்து பார்த்தார். அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாக ஒரு புடவை அவர் முழங்காலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. அதை எப்போது உருவினார், எப்போது செருகினார் என்பது அவருக்கே தெரியவில்லை. வாசலில் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் இருக்க வேண்டும். அவர் கோபமாக இருந்த நேரத்தில் கை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. முஜீப் நிமிர்ந்தார்.

"அது வேற பார்ட்டிக்கு எடுத்து வெச்சதுமா."

"எந்தப் பார்ட்டிப்பா?"

அவர் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாலாஜாபாத் பார்ட்டி" என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தூக்கினார்.

மெஹதாப் குனிந்து அதைத் தானே உருவி எடுத்துக்கொண்டாள்.